மந்தைவெளி பூத்தால் ஊர் காய்க்கும்

(ஊராட்சித் தலைவர்கள், கால்நடை வளர்ப்போர், மகளிர் குழுவினர் ஆகியோர் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாலையைப் பற்றியதன்று. குடிநீர்க் குழாயைப் பற்றியதுமன்று. நம் ஊர்கள்தோறும் ஓர் ஓரத்தில் கிடக்கும் மந்தைவெளியைப் பற்றியது. மழைக்குப் பின் அங்கே தாமாக முளைத்து, தாமாகப் பூத்து, தாமாகவே உதிர்ந்து மறையும் சிறு செடிகளைப் பற்றியது. 'பூவைப் பற்றிப் பேசவா ஓர் அலுவலர் நம்மை வேலை நாளில் கூட்டினார்?' என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பே. ஆயினும், உங்கள் பூசணிக் கொடியும் சுரைக் கொடியும் முருங்கையும் எள்ளும் அச்சிறு செடிகளோடு எவ்விதம் தொடர்புகொண்டுள்ளன என்பதைக் கேட்டபின், இது வீண் பேச்சன்று என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகின்றேன்.

மந்தைவெளியின் ஒரு பகுதியை மழைக்காலத்தில் அடைத்து வைத்து, பூச்செடிகளை வளரவிடலாமா என்பது பற்றி வரும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரச் சில ஊராட்சிகள் எண்ணியுள்ளன. அதனை ஆதரிப்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு. எதிர்ப்போர் பெரும்பாலும் ஆடு மேய்த்துப் பிழைப்போர். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆகவே, இருசாராரையும் மனத்திற்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகின்றேன்.

பூச்சி வாராவிடின் பிஞ்சு தங்காது

எல்லாப் பயிருக்கும் பூச்சியின் உதவி தேவை என்று நான் கூறவில்லை. நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்கிறது. மக்காச்சோளத்திற்குக் காற்று போதும். ஆனால் நம் வட்டாரத்துத் தோட்டங்களில் விளையும் கொடிக்காய்களின் நிலை வேறு. பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் பூக்கின்றன. பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. அதனைக் காற்று தூக்கிச் செல்லாது. விடியலில் விரியும் பூ உச்சிப்பொழுதுக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீயோ வண்டோ ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் பலமுறை வந்துபோதல் வேண்டும். வாராவிடின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். வரவு குறைந்தால் காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிக் கோணலாகும்.

பிஞ்சு உதிர்வதற்கு நீர்ப் பற்றாக்குறை, காய் ஈ போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் விவசாயிகள் பலர் காரணம் எதுவாயினும் உடனே மருந்துக் கடைக்குச் செல்கின்றனர். பூச்சி வாராமையால் உதிரும் பிஞ்சுக்குப் பூச்சிமருந்து தெளித்தால் என்ன ஆகும்? மிஞ்சியிருந்த தேனீயும் மடியும். நோய்க்கு மருந்தென்று எண்ணி நோயையே வளர்ப்பதாக அது முடியும்.

சில தோட்டங்களில் விடியற்காலையில் பெண்கள் சென்று, ஆண் பூவைக் கிள்ளியெடுத்துப் பெண் பூவின் முடியில் தொட்டுத் தடவி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூலி கொடுத்துச் செய்விக்கும் அவ்வேலையைத் தேனீ கூலியின்றிச் செய்துவந்தது. இயற்கை இலவசமாகக் கொடுத்ததை நாம் இன்று விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஐக்கிய நாடுகளின் ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் ஆய்வு அமைப்பு 2016-ஆம் ஆண்டில் உலகளாவிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளுள் 75 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை, ஓரளவேனும் பூச்சி முதலிய உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியுள்ளன என்று அவ்வறிக்கை கூறுகிறது. விளைச்சலின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் அப்பயிர்களின் பங்கு சுமார் 35 விழுக்காடு. வயிற்றை நிரப்பும் தானியம் பெரும்பாலும் காற்றாலும் தற்சேர்க்கையாலும் விளைகிறது; உடலுக்கு வலுவூட்டும் காயும் கனியும் எண்ணெய் வித்தும் பூச்சிகளைப் பெரிதும் நம்பி விளைகின்றன என்று இதனைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

தேனீப் பெட்டி மட்டும் போதுமா?

'அப்படியானால் தோட்டத்திற்கு நாலு தேனீப் பெட்டி வாங்கி வைத்துவிட்டால் போகிறது. மந்தைவெளியை ஏன் அடைக்க வேண்டும்?' என்று ஒரு கேள்வி எழுகிறது. தேனீ வளர்ப்பு நல்ல தொழில். 1910-ஆம் ஆண்டையொட்டி நியூட்டன் என்னும் பாதிரியார் தென்னகத்தில் உருவாக்கிய சிறு மரப்பெட்டி, இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மார்த்தாண்டத்துத் தேன் நாடெங்கும் பெயர் பெற்றது. ஆனால் பெட்டித் தேனீ ஒன்றையே நம்பியிருப்பதில் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, ஒரே இனத்தை நம்பினால் ஒரே நோயில் யாவும் போய்விடக்கூடும். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோயினால் நம் நாட்டு அடுக்குத் தேனீக் கூட்டங்களுள் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. பெட்டிகள் இருந்தன, உள்ளே தேனீ இல்லை. தேனையே நம்பியிருந்த குடும்பங்கள் அன்று பட்ட பாட்டை அப்பகுதி முதியோர் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, எல்லாப் பூவையும் எல்லாத் தேனீயாலும் திறக்க இயலாது. கத்தரி, தக்காளி, ஆவாரை ஆகியவற்றின் மகரந்தப் பைகளில் நுனியில் மட்டுமே சிறு துளை அல்லது பிளவு உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் மகரந்தம் உதிரும். அந்த வித்தை பெட்டித் தேனீக்குத் தெரியாது. உத்தரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டுக்கும், வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட சிறு தேனீக்கும் தெரியும். காலை நேரத்தில் கத்தரித் தோட்டத்தில் 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வோசை கேட்குமே, அது அவற்றின் வேலை ஓசைதான்.

உலகில் தேனீ இனங்கள் 20,000-க்கு மேல் உள்ளன. அவற்றுள் கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை மிகச் சிலவே. மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத்தேனீ, சுவர்ப் பொந்துகளில் வாழும் கொடுக்கில்லாக் கொசுத்தேனீ ஆகியவற்றை நாம் அறிவோம். ஏனைய பெரும்பாலான இனங்கள் தனித்து வாழ்பவை. மண்ணில் சிறு வளை தோண்டி முட்டையிடுபவை. அவை தேன் தருவதில்லை. ஆதலால் நாம் அவற்றிற்குப் பெயரும் இடவில்லை. ஆனால் தோட்டத்து வேலையில் அவற்றின் பங்கு பெரிது. அவற்றைப் பெட்டியில் அடைத்து வளர்ப்பது எளிதன்று. அவற்றிற்கு வேண்டியன உழப்படாத மண்ணும், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பூவும், நஞ்சில்லாத காற்றும் ஆகும். இம்மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைப்பது நம் மந்தைவெளியில்தான்.

மாதந்தோறும் ஒரு பூ

எள் பூத்திருப்பது சில வாரம். கொடிக்காய் பூத்திருப்பது ஓரிரு மாதம். எஞ்சிய காலமெல்லாம் அப்பூச்சிகள் பட்டினி கிடக்க இயலுமா? ஒரு பண்ணையாளுக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் சோறு போட்டால், அடுத்த பருவத்தில் அவன் நம்மிடம் வேலைக்கு வருவானா? பூச்சிக்கும் அதே நியாயந்தான்.

இனி மந்தைவெளியின் நாட்காட்டியைப் பார்ப்போம். ஆடி, ஆவணித் தூறலில் நெருஞ்சி மஞ்சளாகப் பூக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் பெருமழை விழுந்ததும் நூறு வகை விதைகள் முளைக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் தும்பை வெண்மையாகவும், கொழுஞ்சி ஊதாவாகவும், விஷ்ணுகிரந்தி நீலமாகவும் தரையோடு தரையாகப் பூத்துக் கிடக்கின்றன. தை பிறக்குமுன் ஆவாரை பொன்னாக நிற்கிறது. சிறுபீளை பஞ்சாக நிற்கிறது. பங்குனி, சித்திரையில் ஓரத்து வேம்பும் புங்கமும் பூக்கின்றன. அடுத்துப் புளி பூக்கிறது. எருக்கு எந்நாளும் பூக்கிறது. தோட்டப் பயிர் ஓய்ந்த காலத்தில் இவையே பூச்சிக்குச் சோறிடுகின்றன.

இச்செடிகள் மக்களுக்கும் அயலானவை அல்ல. காப்புக் கட்டும் நாளில் வேப்பிலையோடு ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் சேர்த்து வீட்டு இறவாணத்திலும் களத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் செருகுகின்றோம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வேண்டும். சிவபூசைக்குத் தும்பைப்பூ வேண்டும். பொங்கலையடுத்துப் பெண்கள் கூடிச் சென்று பூப்பறித்துக் கும்மியடிக்கும் வழக்கம் இந்தக் கொங்கு நாட்டில் பல ஊர்களில் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களின் பெயரை ஒருங்கே அடுக்கிச் சொல்வதை உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். அங்ஙனம் பூக்களைப் பெயர் சொல்லி அறிந்த மக்களின் வழியில் வந்த நாம், காப்புக் கட்டு நாளில் ஆவாரம்பூவைச் சந்தையில் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்குகின்றோம். ஏனெனில் நம் மந்தைவெளியில் அது இல்லை.

சும்மா கிடக்கும் நிலமா?

மந்தைவெளியை 'சும்மா கிடக்கும் நிலம்' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அச்சொல் தீங்கானது. சும்மா கிடக்கிறது என்று சொல்லப்பட்ட நிலத்தைத்தான் ஒருவர் வேலி போட்டு வளைக்கிறார். மற்றொருவர் கிராவல் மண்ணை அள்ளுகிறார். ஊரே குப்பையைக் கொட்டுகிறது. எதற்கும் பயன்படாத நிலம் என்று பெயர் வாங்கிவிட்டால், அதனைக் காப்பாற்ற எவரும் முன்வருவதில்லை.

மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் ஊர் மக்கள் அனைவருக்கும் பொது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அவற்றின் பொறுப்பை ஊராட்சியிடம் ஒப்படைத்துள்ளது. 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பஞ்சாப் மாநிலத்து வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், நாடெங்கும் ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றைக் கிராம மக்களிடமே ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளையும் பணித்தது. சட்டம் துணையிருக்கிறது. ஆயினும் சட்டம் மட்டும் காவல் காக்காது. மக்கள் நாள்தோறும் பயன்படுத்தி, கணக்கு வைத்து, கண்காணிக்கும் நிலமே நிலைக்கும்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருத்தல் வேண்டும். பல இடங்களில் அப்பதிவேடு அலமாரியில் உறங்குகிறது. அதனை எழுப்புவதற்கும் இப்பணி ஏற்றதாகும்.

பிறர் கண்ட பாடமும் நம் முன்னோர் கண்ட வழியும்

இங்கிலாந்து நாட்டில் வைக்கோல் புல்லுக்காக விடப்பட்ட பூ நிறைந்த புல்வெளிகள் முற்காலத்தில் ஊர்தோறும் இருந்தன. உழுது விதைத்தும் உரமிட்டும் அவற்றை மாற்றியதன் விளைவாக, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1930-களுக்கும் 1980-களின் நடுப்பகுதிக்கும் இடையே 97 விழுக்காட்டுப் புல்வெளிகள் மறைந்தன எனக் கணக்கிட்டுள்ளனர். இன்று அங்குள்ள ஊர் மக்கள் கூடிச் சிறு சிறு நிலங்களில் அவற்றை மீட்க முயல்கின்றனர். அவர்கள் கண்ட பாடம் இரண்டு. பூச்செடிக்கு வளமான மண் வேண்டாம். உரமிட்டால் புல் ஓங்கிப் பூவை அமுக்கிவிடும் என்பது ஒன்று. விதை உதிர்ந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை புல்லை அறுத்து, அறுத்ததை அப்புறப்படுத்தி, பின்னர் மாட்டை மேயவிட வேண்டும். அப்படியே விட்டால் புதர் மண்டிவிடும் என்பது மற்றொன்று. அதாவது, பூ வேண்டுமென்றால் மாடும் வேண்டும். காலம் அறிந்து மேய்க்க வேண்டும், அவ்வளவே.

இதனைக் கற்க நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் நம் முன்னோர் ஏற்படுத்திய கொரங்காடு இதே அறிவில் பிறந்ததுதான். கிளுவை வேலி, நடுவே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். பட்டிபட்டியாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து மற்றொன்றுக்கு ஓய்வு தருதல் — இம்முறையில்தான் காங்கயம் மாடு வளர்ந்தது. தனியார் தம் சொந்த நிலத்தில் செய்ததை, ஊர் தன் பொதுநிலத்தில் செய்தல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செய்ய வேண்டுவன

1. முதலில் நடந்து பாருங்கள். ஐப்பசி முதல் தை முடிய மாதம் ஒருமுறை, ஆடு மேய்க்கும் முதியோர், நாட்டு மருத்துவம் அறிந்த தாய்மார், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்து மந்தைவெளியைச் சுற்றி வந்து, எந்தச் செடி எங்கே எப்போது பூக்கிறது என்று பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். இருப்பதை அறியாமல் எதையும் நடவோ நீக்கவோ கூடாது.

2. நிலத்தை மூன்றாகப் பிரியுங்கள். பன்னிரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு நான்கு ஏக்கரை மட்டும் ஐப்பசி முதல் தை முடிய அடைக்கலாம். எட்டு ஏக்கர் திறந்தே இருக்கும். மாசியில் விதை உதிர்ந்தபின் அடைத்த பகுதியையும் திறந்துவிடலாம். மறு ஆண்டு அடுத்த பகுதி. அதற்கு மறு ஆண்டு மூன்றாவது பகுதி. கம்பி வேலிக்குப் பணம் தேட வேண்டா. கிளுவைப் போத்து நட்டால் உயிர்வேலி ஆகும்.

3. உழாதீர்கள்; உரமிடாதீர்கள்; எரிக்காதீர்கள். ஓர் உழவில் மண்ணுக்குள் உறங்கும் தேனீக் குஞ்சுகள் அழியும். கோடையில் காய்ந்த புல்லுக்கு வைக்கும் தீ, விதையையும் வெள்வேலங் கன்றையும் சேர்த்தே தின்றுவிடும்.

4. களைக்கொல்லியை மந்தைவெளிக்குள்ளும் பாதையோரத்திலும் அனுமதியாதீர்கள். பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டை மழை ஈரம் இருக்கும்போதே, பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். அது தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்கும்.

5. சீமைக்கருவேலை வெட்டினால் போதாது, மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். வறட்சிக் காலத்தில் தேனீக்கு இன்று பெரும் தீனி அதன் பூவே. ஆகவே ஒரே நாளில் இயந்திரத்தை விட்டு அனைத்தையும் வாரிவிடாமல், ஆண்டுக்கு ஒரு பகுதியாக அகற்றி, அவ்விடத்து ஓரங்களில் வேம்பு, புங்கம், இலந்தை, வெள்வேல் ஆகியவற்றை வளர்த்து வருதல் நன்று.

6. மந்தைவெளி முழுவதும் மரம் நடாதீர்கள். மரம் நடுதல் நற்செயல்தான். எனினும் தும்பைக்கும் கொழுக்கட்டைப்புல்லுக்கும் வெயில் வேண்டும். திறந்த வெளியை நிழலாக்கினால் பூவும் போகும், மேய்ச்சலும் போகும். மரத்தை ஓரத்தில் நிறுத்துங்கள்.

7. பூச்சிக்கு வீடு விடுங்கள். வெயில் படும் மண்மேடு ஒன்றையும், பட்டுப்போன மரம் ஒன்றிரண்டையும் அகற்றாமல் விட்டால் போதும். வளைத்தேனீயும் கருவண்டும் தாமே குடியேறும். ஆழமில்லாத தொட்டியில் கல் போட்டு நீர் வைத்தால், தேனீ மூழ்காமல் அருந்தும்.

8. விதையைக் கடையில் வாங்காதீர்கள். நிறம் நிறமாகப் படம் போட்டு வரும் வெளிநாட்டுப் பூவிதை நம் மண்ணுக்கு உரியதன்று. சில வகை களையாகவும் மாறும். மாசியில் நம் மந்தையிலும் பக்கத்து ஊரிலும் ஆவாரை, கொழுஞ்சி, தும்பை விதைகளைப் பிள்ளைகளைக் கொண்டு திரட்டி, நிழலில் உலர்த்தி, புரட்டாசியில் முதல் மழைக்கு முன் வெற்றிடங்களில் தூவுங்கள்.

9. பறிப்பதற்கு வரம்பு வகுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தேவைக்கும் பூசைக்கும் மருந்துக்கும் எவரும் பறிக்கலாம். விற்பனைக்கு மூட்டையாகப் பறிப்பதைக் கிராம சபையின் ஒப்புதலின்றி விடாதீர்கள். ஒரு செடியில் பாதிப் பூவையேனும் விட்டால்தான் அடுத்த ஆண்டுக்கு விதை உண்டு.

10. தேனீப் பெட்டிகளை அளவோடு வையுங்கள். சிறு நிலத்தில் பெட்டிகள் மிகுந்தால், அவையே பூவையெல்லாம் உண்டு தனித்தேனீக்குத் தீனியின்றிச் செய்துவிடும். பெட்டியை நடைபாதைக்கும் கால்நடைக்கும் எட்ட வைத்தல் நலம்.

இவை மந்தைவெளிக்குள் செய்ய வேண்டியவை. அதற்கு வெளியே, சுற்றியுள்ள தோட்டக்காரர்களும் ஓர் உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். பூத்திருக்கும் பயிருக்கு மருந்து தெளிக்கவே கூடாது. தவிர்க்க முடியாத நிலை ஏற்பட்டால், தேனீக்கள் கூடு திரும்பியபின் அந்தி நேரத்தில் தெளிக்க வேண்டும். செடியின் உடம்பெல்லாம் ஊறி மகரந்தத்திலும் தேனிலும் சேரும் மருந்துகள் சில உண்டு. அவ்வகையைச் சேர்ந்த மூன்றனைத் திறந்த வெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ஆம் ஆண்டில் தடை விதித்தது. வேளாண் அலுவலரைக் கலந்துகொண்டே மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

பாம்பு வந்துவிடும் என்று தாய்மார் சிலர் அஞ்சுகின்றனர். வீடுகளை ஒட்டிய பத்தடிப் பட்டையையும், நடைபாதையின் இரு மருங்கையும் எப்போதும் புல் அறுத்துக் குட்டையாக வைத்தால் அவ்வச்சம் குறையும். நீர்த்தேக்கத் தொட்டியில் மலைத்தேனீ கூடு கட்டினால் தீவட்டி பிடித்து எரிக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. மலைத்தேனீ சில மாதங்களில் தானே இடம் பெயரும் இயல்புடையது. பிள்ளைகள் கல்லெறியாமல் காத்துப் பொறுத்திருப்பதே அறிவுடைமை. ஆபத்து என்று கருதும் இடத்தில் பயிற்சி பெற்றோரை அழைத்து அகற்றலாம்.

ஆடு மேய்ப்பவரின் கேள்வி

இனி, மிக முக்கியமான கேள்விக்கு வருகின்றேன். 'எனக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. ஐந்து ஆடுதான் என் சொத்து. தோட்டக்காரன் பூசணி காய்ப்பதற்காக என் ஆட்டை நான் ஏன் பட்டினி போட வேண்டும்?' இதனைக் கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. பயன் ஒருவருக்கும் இழப்பு மற்றவருக்கும் ஆகுமானால் அது பொதுநலம் ஆகாது.

சிலர், 'அடைத்த புல் எங்கும் போய்விடாது. மாசியில் வறட்சி தொடங்கும்போது மேய்ச்சலாகக் கிடைக்கும்' என்கின்றனர். அது உண்மைதான். மழைக்காலத்தில் எங்கும் பச்சை இருக்கும்போது ஒரு பங்கைச் சேமித்து, எங்கும் காய்ந்த காலத்தில் எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடே. பூத்து விதைவிட்ட புல் அடுத்த ஆண்டு அடர்ந்து முளைக்கும் என்பதும் உண்மை. ஆயினும் அந்த நான்கு மாதங்களில் நிலமில்லாதவருக்குச் சுமை உண்டு என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆகவே, தீர்மானத்தில் மூன்று உறுதிமொழிகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

ஒன்று, அடைத்த பகுதியின் நடைபாதைகளிலும் ஓரங்களிலும் கையால் அறுக்கும் புல், நிலமில்லாத ஆடு வளர்ப்போருக்கே முதலில் உரியது. இரண்டு, விஷப்பூண்டு பிடுங்குதல், சீமைக்கருவேல் அகற்றுதல், விதை திரட்டுதல் முதலிய வேலைகளுக்குக் கூலி வழங்கப்படும்போது, அவ்வேலை முதலில் அக்குடும்பங்களுக்கே போதல் வேண்டும். மூன்று, மந்தைவெளிக் குழுவில் ஆடு மேய்ப்போர் பாதிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். எந்தப் பகுதியை, என்று அடைப்பது, என்று திறப்பது என்பதை அவர்களே கூறுதல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் அடைப்பை முன்னதாகவே திறந்துவிடும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்கட்டும். மேய்ச்சலின் நுட்பம் அவர்கள் அறிந்த அளவுக்கு நாம் ஒருவரும் அறியோம்.

இவ்வளவு கூறிய பின்னும் அவர்கள் உடன்படவில்லையெனில், வற்புறுத்த வேண்டா. பெரும்பான்மை வாக்கினால் ஏழையின் மேய்ச்சலை அடைத்தால், அவ்வேலி ஓர் இரவுகூட நிற்காது, நிற்கவும் கூடாது. அத்தகைய ஊர்களில் பள்ளி வளாகத்து ஓரம், மயானத்தின் சுற்றுப்புறம், வண்டிப்பாதையின் இரு மருங்கு ஆகிய சிறு இடங்களிலிருந்து தொடங்குங்கள். அரை ஏக்கரும் பூச்சிக்குப் பெரிய சத்திரமே. பலன் கண்ணில் பட்ட பிறகு மந்தைவெளியைப் பற்றி மீண்டும் பேசலாம்.

பொறுமையும் கணக்கும்

முதலாண்டில் பெரிய மாற்றம் எதுவும் தோன்றாது. புல்லே மிகுந்திருக்கும், 'இதற்கா இத்தனை பாடு?' என்று கேலி செய்வோரும் இருப்பர். மூன்று பகுதிகளும் ஒரு சுற்று முடிய மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். பொறுப்பதற்குத் துணையாக ஒரு கணக்கு வையுங்கள். மாதம் ஒருமுறை, வெயிலுள்ள காலையில், பள்ளிப் பிள்ளைகள் மந்தைவெளியில் ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் வளைத்து, பத்து நிமிடத்தில் அங்குள்ள பூக்களுக்கு எத்தனை பூச்சிகள் வந்தன என்று எண்ணி எழுதட்டும். அதேபோல், மந்தைக்கு அருகிலுள்ள தோட்டத்திலும், தொலைவிலுள்ள தோட்டத்திலும் பூசணிப் பிஞ்சு நூற்றுக்கு எத்தனை தங்கின என்று விவசாயிகள் எண்ணட்டும். என் சொல்லை நம்பி எதனையும் செய்ய வேண்டா. உங்கள் ஊரின் எண்ணிக்கை என்ன சொல்கிறதோ அதனை நம்புங்கள்.

அன்பர்களே! சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இந்நாட்டில் தொடங்கப்பட்டபோது, அரசு செய்யும் வேலையில் மக்கள் பங்கு பெறுவதன்று, மக்கள் செய்யும் வேலையில் அரசு பங்கு பெறுவதே குறிக்கோள் என்று எண்ணிய பெரியோர் இருந்தனர். அக்குறிக்கோளுக்கு இதைவிட ஏற்ற வேலை மற்றொன்றை நான் காணவில்லை. இதற்குப் பெரும் பணம் வேண்டா, ஒப்பந்தக்காரர் வேண்டா, திறப்பு விழாக் கல்வெட்டும் வேண்டா. வேண்டுவது ஊர் ஒற்றுமையும், நான்கு மாதப் பொறுமையும், ஒரு பதிவேடும் மட்டுமே.

வரும் கிராம சபைக்கு முன்பாக, ஒவ்வோர் ஊராட்சித் தலைவரும் ஆடு மேய்ப்போரை முதலில் அழைத்துப் பேசுங்கள். பின்னர் மந்தைவெளியின் நில அளவை வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை எல்லை நடந்து பாருங்கள். எங்கே வளைக்கப்பட்டிருக்கிறது, எங்கே தோண்டப்பட்டிருக்கிறது, எங்கே இன்னும் தும்பை பூக்கிறது என்பன தெரிந்துவிடும். வரைபடம் கிடைப்பதில் இடர்ப்பாடு இருந்தால் ஒன்றிய அலுவலகத்திற்கு எழுதுங்கள். வருவாய்த் துறையினரோடு தொடர்புகொண்டு உதவக் கடமைப்பட்டுள்ளேன்.

 இனி, ஆடு மேய்ப்போர் தரப்பிலிருந்து முதலில் பேசுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.